கோப்பு மாற்றல் (கருவியிலிருந்து கணினிக்கு)

கோப்பு மாற்றல் என்பது எண்ணிம ஒளிப்படக் கருவி, செல்லிடத் தொலைபேசி, ஒலிப்பதிவுக் கருவி முதலியவற்றில் உள்ள கோப்புகளைக் கணினியில் சேர்க்கும் செயலாகும். பாதுகாப்பான மாற்றல் இரு கட்டங்களைக் கொண்டது. முதலில் கோப்புகள் படியெடுக்கப்படும். படி பிழையற்றது என உறுதியான பின்னரே மூலம் அழிக்கப்படும். வெட்டி ஒட்டும் முறையில் இவ்விரண்டும் ஒரே கட்டளையில் நிகழ்வதால், இடையில் இணைப்பு அறுந்தால் கோப்புகளை இழக்க நேரிடலாம்.

பின்னணி: திருவரங்கக் கல்வெட்டுகள்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. இவை தமிழ், வடமொழி, தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகளில் அமைந்தவை. இவற்றின் பாடங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் 24-ஆம் தொகுதியாக 1982-இல் வெளியாயின.

கல்வெட்டுப் படி எடுப்போர் ஈரத்தாளைக் கல்லின் மீது ஒட்டித் தூரிகையால் தட்டி, மை ஒற்றுவர். ஐயமுள்ள எழுத்துகளை மீண்டும் கல்லோடு ஒப்பிடுவர். இன்று கல்வெட்டுகளை ஒளிப்படமாகவும் பதிவு செய்கின்றனர். தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணியின்போது சுண்ணாம்புப் பூச்சாலும் மணல்வீச்சாலும் கல்வெட்டுகள் சிதைந்துள்ளன. அத்தகைய இடங்களில் முன்னர் எடுத்த ஒளிப்படமே எஞ்சும் சான்றாகலாம். அக்கோப்பை இழந்தால் மீண்டும் எடுக்க இயலாது.

மாற்றும் வழிகள்

* நினைவட்டை: அட்டையைக் கழற்றி, அட்டைப் படிப்பானில் செருகிப் படியெடுத்தல். கருவியின் மின்கலம் இடையில் தீர்ந்துவிடும் இடர் இதில் இல்லை.
* யூ.எஸ்.பி. வடம்: கருவியை நேரடியாக இணைத்தல். ஆண்ட்ராய்டு தொலைபேசிகளில் 'கோப்பு மாற்றம்' என்ற தெரிவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.
* கம்பியில்லா இணைப்பு: வசதியானது. செய்திச் செயலிகள் வழியே ஒளிப்படமாக அனுப்பினால் படம் பெரும்பாலும் சுருக்கப்படும். தேய்ந்த எழுத்துகளின் நுண்கோடுகள் மறைந்துவிடலாம். ஆவணமாக அனுப்பினால் கோப்பு மாறாது.

இழப்புக்கான காரணங்கள்

இயங்குதளம் தரவுகளை உடனே வட்டில் எழுதாமல் தற்காலிக நினைவகத்தில் வைத்திருக்கக்கூடும். அந்நிலையில் வட்டைப் பிடுங்கினால், எழுதி முடித்ததாகத் திரையில் தோன்றிய கோப்பும் குறைபடும். எனவே 'பாதுகாப்பாக நீக்கு' என்ற கட்டளையைப் பயன்படுத்துதல் நன்று. 2018-இல் வெளிவந்த விண்டோஸ் 10 இற்றைப்பாட்டில் விரைவு நீக்கம் இயல்பிருப்பாக ஆக்கப்பட்டது. எனினும் எழுதிக்கொண்டிருக்கும்போது நீக்குதல் எக்காலத்தும் தீங்கானதே.

எஃப்.ஏ.டி.32 முறையில் அமைந்த வட்டில் 4 ஜி.பி. அளவையோ அதற்கு மேற்பட்டதையோ கொண்ட தனிக்கோப்பைச் சேமிக்க இயலாது. நீண்ட நிகழ்படங்களை மாற்றுவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பொதுக் கணினிகளில் செருகிய வட்டுகள் வழியே நச்சுநிரல் பரவலாம். 2008-இல் தோன்றிய கான்பிக்கர் இவ்வழியிலும் பரவியது. பூட்டு உள்ள நினைவட்டையாயின், செருகுமுன் பூட்டை எழுதாநிலையில் வைப்பது பாதுகாப்பானது.

சரிபார்த்தல்

கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிடுதல் முதற்படியாகும். உறுதியான முறை சரிபார்ப்புத் தொகையைக் கணித்தலாகும். கோப்பில் ஒரு பிட் மாறினாலும் இத்தொகை மாறும். மூலத்தின் தொகையும் படியின் தொகையும் ஒன்றாயின் படி சரியானது எனக் கொள்ளலாம். எம்.டி.5 முறையின் பாதுகாப்புக் குறை 2004-இல் வெளிப்படுத்தப்பட்டதால், இப்போது எசு.எச்.ஏ.-256 பரிந்துரைக்கப்படுகிறது.

தமிழ்க் கோப்புகள்

உரைக்கோப்பு பிழையின்றி வந்து சேர்ந்தும் எழுத்துகள் குழம்பித் தோன்றலாம். இதற்குக் காரணம் குறியேற்ற வேறுபாடாகும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முன்னர் மின்னூல்களைத் தகுதரத்தில் வெளியிட்டது. பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. பழைய தகுதரக் கோப்பைக் குறியேற்ற மாற்றியால் ஒருங்குறிக்கு மாற்றிப் படிக்கலாம். கோப்பு கெட்டுவிட்டதெனக் கருதி அழித்துவிடக் கூடாது.

காப்புப் படிகள்

மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒரு படி வேறிடத்தில் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் நெறியாகும். திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவு. 1924-இலும் 2005-இலும் திருச்சிராப்பள்ளிப் பகுதி வெள்ளத்தால் பாதிக்கப்பட்டது. ஒரே அறையில் வைத்த மூன்று படிகளும் ஒரே வெள்ளத்தில் அழியக்கூடும் என்பதால் மூன்றாம் விதி இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

* கல்வெட்டியல்
* ஒருங்குறி
* மதுரைத் திட்டம்
* திருவரங்கம் அரங்கநாதர் கோயில்