புதிய ரயில் பெட்டி யாரை முதலில் ஏற்றிக்கொள்கிறது?

இந்திய ரயில்வேயின் வரலாற்றில் புதிய பெட்டியின் அறிமுகம் பெரும்பாலும் கொடியசைப்பு விழாவின் தேதியாகவே பதிவாகிறது. ஆனால் ஒரு வடிவமைப்பு முதன்முதலாகத் தண்டவாளம் ஏறும் நாளும், சாதாரணப் பயணி அதில் ஏறும் நாளும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம்தான் தொழில்நுட்ப வரலாறு சமூக வரலாறாக மாறும் இடம். எல்.எச்.பி. என்று இன்று அறியப்படும் பெட்டிகள் பரவிய விதம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

அதற்கு முந்தைய மாற்றத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். விடுதலைக்கு முன் ஓடிய பெட்டிகளில் பெரும்பாலானவை எஃகு அடிச்சட்டத்தின்மீது மர உடல் பொருத்தப்பட்டவை. மோதலின்போது ஒரு பெட்டியின் அடிச்சட்டம் அடுத்த பெட்டியின் மர உடலைப் பிளந்துகொண்டு உள்ளே செருகும். உயிரிழப்புகள் பெருகியதற்கு இது முக்கியக் காரணம். இதற்கு விடையாக, உடலும் அடிச்சட்டமும் ஒரே எஃகுக் கட்டமைப்பாக அமைந்த பெட்டியை உருவாக்க, சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றுடன் 1949இல் ஒப்பந்தம் செய்யப்பட்டது. அதன் பயனாக எழுந்த பெரம்பூர் ஒருங்கிணைந்த ரயில் பெட்டித் தொழிற்சாலையை (ஐ.சி.எஃப்.) 1955 அக்டோபர் 2 அன்று ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்தார். இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவ்வடிவமைப்பு ஆடம்பரப் பயணத்துக்கென்று உருவானதன்று. இருக்கைகளும் படுக்கைகளும் வகுப்புக்கு வகுப்பு வேறுபட்டாலும், அடிப்படையான எஃகுக் கூடு எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாகவே இருந்தது.

அந்தக் கூடு அரை நூற்றாண்டுக்கு மேல் நாட்டின் பயணிகள் போக்குவரத்தைச் சுமந்தது. ஆனால் ரயில்களின் வேகமும் நீளமும் கூடியபோது அதன் எல்லைகள் வெளிப்பட்டன. திருகு இணைப்பும் பக்கத் தாங்கிகளும் கொண்ட ஐ.சி.எஃப். பெட்டிகள், தடம்புரளும்போது இணைப்பு அறுந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இயல்புடையவை. எனவே 1990களின் நடுவில் ஜெர்மனியின் லிங்கே ஹோஃப்மன் புஷ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. முதலில் 24 பெட்டிகள் இறக்குமதியாயின. பின்னர் தொழில்நுட்ப மாற்றத்தின் வழியாகப் பஞ்சாபின் கபூர்தலா தொழிற்சாலையில் உற்பத்தி தொடங்கியது. துருப்பிடிக்காத எஃகு உடல், தட்டு பிரேக்குகள், 160 கி.மீ. வேகத்துக்கேற்ற வடிவமைப்பு, சுமார் இரண்டு மீட்டர் கூடுதல் நீளம் ஆகியவை அதன் சிறப்புகள். எல்லாவற்றிலும் முக்கியமானது மைய இணைப்பான். அது அடுத்தடுத்த பெட்டிகளை இறுகப் பிணைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தடுக்க உதவுகிறது.

இத்தகைய பெட்டி ஏன் விரைவாகப் பரவவில்லை? செலவு ஒரு காரணம்தான். ஆனால் முழுக் காரணமன்று. பழைய பெட்டியும் புதிய பெட்டியும் ஒரே தொடரில் எளிதில் சேர்ந்து ஓட முடியாதவை. இணைப்பு முறை வேறு. மின்சாரம் பெறும் முறையும் வேறு: ஐ.சி.எஃப். பெட்டி பொதுவாகத் தன் அச்சின் சுழற்சியிலிருந்தே மின்சாரம் பெற்றது, எல்.எச்.பி. தொடருக்கோ தொடக்கத்தில் இரு முனைகளிலும் டீசல் மின்னாக்கிப் பெட்டிகள் தேவைப்பட்டன. ஆகவே பெட்டி பெட்டியாக மாற்றும் வழி அடைபட்டது. ஒரு ரயிலின் முழுத் தொடரையும் ஒருசேர மாற்ற வேண்டியிருந்தது. அதைப் பேணும் பணிமனைகளையும் மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குள் ஒரு தேர்வு நிகழ்ந்தது. முதல் தொடர்கள் சதாப்தி ரயிலுக்கும், பின்னர் ராஜதானி ரயில்களுக்கும் சென்றன. அதிவேக ரயில்களுக்கு முன்னுரிமை என்பது நிர்வாக நோக்கில் நியாயமான வாதமே. எனினும் அதன் விளைவு வேறு விதமாக அமைந்தது. விபத்தில் உயிர்காக்கும் ஒரு கட்டமைப்பு, குளிர்சாதன வசதியைப் போலவே உயர்கட்டணத்துடன் சேர்ந்து வரும் ஒன்றாகப் பல ஆண்டுகள் நீடித்தது. 1955இன் கூடு எல்லா வகுப்புகளுக்கும் பொதுவாக எண்ணப்பட்டது. 2000களின் கூடு மேலிருந்து கீழாக இறங்கியது.

அனில் ககோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012இல் அளித்த அறிக்கை இந்நிலையை மாற்ற முயன்றது. ஐந்தாண்டுகளுக்குள் முழுமையாக எல்.எச்.பி. வடிவமைப்புக்கு மாற வேண்டும் என்றும், அதற்குச் சுமார் 10,000 கோடி ரூபாய் தேவை என்றும் அது பரிந்துரைத்தது. அந்த ஐந்தாண்டுகள் முடிவதற்குச் சில மாதங்களே இருந்த நிலையில், 2016 நவம்பர் 20 அன்று கான்பூர் அருகே புக்ராயானில் இந்தூர் – பாட்னா விரைவு ரயில் தடம்புரண்டது. அதில் 140க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ரயில் ஐ.சி.எஃப். பெட்டிகளால் ஆனது. தடம்புரண்டதற்குப் பெட்டி காரணமா என்பது தனிக் கேள்வி. தடம்புரண்ட பின் எத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்பதில் பெட்டிக்குப் பங்குண்டு. முன்பதிவற்ற பயணிகளுக்கென்றே எல்.எச்.பி. பெட்டிகளுடன் அந்த்யோதயா ரயில்கள் 2017இல்தான் வந்தன. பெரம்பூரின் கடைசி ஐ.சி.எஃப். வகைப் பெட்டி 2018 ஜனவரியில் வெளியேறியது.

உற்பத்தி நின்றதும் ஒரு வடிவமைப்பு மறைந்துவிடுவதில்லை. ஐ.சி.எஃப். பெட்டியின் விதிப்படியான ஆயுள் 25 ஆண்டுகள். எனவே உற்பத்தி முடிந்த பின்னும் நெடுங்காலம் அது ஓட இடமிருந்தது. புதிய பெட்டி மட்டுமே முழுப் பாதுகாப்பு ஆகாது என்பதையும் 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே நடந்த விபத்து உணர்த்தியது. கோரமண்டல் விரைவு ரயில் எல்.எச்.பி. பெட்டிகளைக் கொண்டிருந்தும், அவ்விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். முன்பதிவற்ற பெட்டிகள் வழக்கமாக ரயிலின் இரு முனைகளிலும் இணைக்கப்படுகின்றன. நேர்மோதலின் அதிர்ச்சி முதலில் சேர்வதும் அங்கேதான்.

ஆகவே ரயில்வே வரலாற்றை ஆராய்வோர், அறிமுக ஆண்டுடன் வேறொரு ஆண்டையும் தேட வேண்டியிருக்கிறது. ஒரு பாதுகாப்பு முன்னேற்றம் மிகக் குறைந்த கட்டணச் சீட்டை எந்த ஆண்டில் சென்றடைந்தது என்பதே அது. எல்.எச்.பி. பெட்டியைப் பொறுத்தவரை, இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் கடந்திருக்கிறது.