செக்ரோலும் வம்ச வரலாறும்

மலாயாவில் ரந்தாவைச் சுற்றியுள்ள லின்சம் முதலிய ரப்பர்த் தோட்டங்களில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் கிராணி பெயர் கூப்பிட்ட அந்தச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடுதான், கடல் கடந்து வந்த நம் ஜனங்களில் அநேகருக்கு வாய்த்த முதல் எழுத்துச் சரித்திரம். ஆஜரான நாளுக்குக் கூலியும் கங்காணிக்குத் தலைக்காசும் அதிலே கணக்காகும். ஆளின் பாட்டன் யாரென்ற விசாரணைக்கு அங்கே இடமில்லை. கங்காணி தன் ஊரிலும் உறவிலுமே ஆள் திரட்டியபடியால் சாதியும் கூடவே கப்பலேறி வந்து, லயங்களில் தனி வரிசை பிடித்துக்கொண்டது. 1938-இல் இந்திய அரசாங்கம் இந்த ஆள்கட்டலை நிறுத்திற்று. பின்வந்த யுத்தத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போய்த் திரும்பாதவர்களோடு எத்தனையோ குடும்பங்களின் கொடிவழி அறுந்தது.

மத்தேயு சுவிசேஷமும் ஒரு பெயர்ப்பட்டியலோடுதான் ஆரம்பமாகிறது. மும்முறை பதினான்கு தலைமுறை என்று அது சொன்னாலும், கடைசிப் பகுதியை எண்ணினால் ஒன்று குறைகிறது. எந்தக் கிராணியும் அதை ஒப்பமாட்டார்! ஆனால் தகப்பன்மாரின் அந்த வரிசைக்குள்ளே தாமார், வேசியென்று வேதமே சொல்லும் ராகாப், மோவாபியப் பெண்ணான ரூத், உரியாவின் மனைவி ஆகியோர் வந்து நிற்பது தற்செயலன்று. 1971-இல் பெரு நாட்டுப் பாதிரியார் குஸ்தாவோ குத்தியெரெஸின் நூலால் பிரசித்தமான விடுதலை இறையியலை நம் மண்ணின் சாதிக் கொடுமைக்கு நேரே திருப்பியவர்களில் முதன்மையானவர் அர்விந்த் நிர்மல். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் 1981-இல் சூத்திர இறையியல் வேண்டுமென்று பேசி, பின்பு சென்னைக் குருகுலத்தில் தலித் இறையியல் துறைக்குத் தலைமை வகித்த அவர், இந்த வம்ச வரலாற்றிலேயே இயேசுவின் தலித் தன்மைக்கு அத்தாட்சி கண்டார்.

அந்த வாசிப்பில் நியாயமுண்டு. ஆயினும் தாவீது ராஜாவின் வழியே வரும் பட்டியலைக் கொண்டு குலப்பெருமையைக் கலைப்பது சற்றுச் சங்கடமான காரியமே. நிர்மல் கையாண்ட உபாகமம் 26-ஆம் அதிகாரம் தோட்டத்து ஜனங்களுக்கு இன்னும் நெருங்கியதென்பது என் எண்ணம். அங்கே முன்னோன் பெயரின்றி, அலைந்து திரிந்தவனாக மட்டுமே சொல்லப்படுகிறான். அந்நிய தேசத்தில் கொஞ்சம் பேராய்க் குடியிருந்ததும் கடின வேலையால் ஒடுங்கியதுமே வம்சமாகின்றன. அதைச் சொல்கிறவன் கையிலோ சொந்த நிலத்து முதற்பலன் நிறைந்த கூடை இருக்கிறது. நம்மவர் சுமந்த பால் வாளியோ துரையின் கொட்டகையிலே நிறுக்கப்பட்டது. அந்தக் கூடைக்கு அருகில் வந்த முயற்சியென்றால், துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளர்களே வாங்கும்படி, அவர்களிடம் 10 வெள்ளி வீதம் பணம் திரட்டி, வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் சொல்லவேண்டும்.