வளரியிலிருந்து .315 வரை: வேட்டைத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது யார்?

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் வழியெல்லாம் மானாவாரிக் காடுதான். பருத்தி, சோளம், மக்காச்சோளம், மிளகாய், மல்லி. மழை பெய்தால் விளைச்சல், பெய்யாவிட்டால் கடன். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று வருகிறது. காட்டுப்பன்றி! பகலெல்லாம் சீமைக்கருவேல முள்ளுக்குள் படுத்துக் கிடக்கும். இரவில் கூட்டமாக இறங்கினால், விடியும்போது மக்காச்சோளத் தட்டை எல்லாம் தரையில் கிடக்கும். மூன்று மாத உழைப்பு ஒரே ராத்திரியில் முடிந்துபோகும்.

இப்படிப்பட்ட ஊரில் "எந்தத் துப்பாக்கி நல்லது?" என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. ஆனால் வரலாற்றைப் புரட்டினால் ஒரு வேடிக்கை தெரியும். இங்கே ஆயுதத்தை வேட்டைக்காரனும் தேர்ந்தெடுக்கவில்லை, விவசாயியும் தேர்ந்தெடுக்கவில்லை. இருநூறு வருடங்களுக்கும் மேலாக அரசாங்கம்தான் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறது.

முக்குளத்து வளரி

துப்பாக்கி பரவுவதற்கு முன்பு இந்தச் சீமையின் வேட்டை ஆயுதம் வளரி. பிறை போல வளைந்த, மரத்திலோ இரும்பிலோ செய்த எறிகருவி. ஓடும் மானின் காலைக் குறிபார்த்து வீசுவார்கள். நரிக்குடிக்குப் பக்கத்தில் உள்ள முக்குளத்தில் பிறந்த மருது சகோதரர்கள் வளரி வீச்சில் பேர் போனவர்கள். கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேயருக்கு வளரி வீசக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான். 1830இல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளில் வெல்ஷே இதை எழுதியிருக்கிறார். அதே வெல்ஷ் பிறகு 1801இல் மருதுவுக்கு எதிரான போரில் கம்பெனிப் பக்கம் நின்றார் என்பது வேறு கதை.

1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த டிசம்பரிலேயே சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் அறிக்கை வந்தது. பாளையக்காரர்களின் கோட்டைகள் இடிபட வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்பது உத்தரவு. போருக்கான ஆயுதம், வேட்டைக்கான ஆயுதம் என்று தனித்தனியாக இல்லாத ஊரில், ஒன்றைப் பறித்தால் இன்னொன்றும் போய்விடும்தானே!

1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் கட்டாயம். ஐரோப்பியருக்கு விலக்கு. மைசூருக்கு மேற்கே குடகு மக்களுக்கு மட்டும் தனிச் சலுகை கிடைத்தது. அது இன்றும் தொடர்கிறது. 2019இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அதே தென்னிந்தியாவில் இராமநாதபுரம் சீமைக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

தாழ்ப்பாள் போட்ட துப்பாக்கி

'போல்ட் ஆக்ஷன்' என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. கதவுத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டால் போதும். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். அசையும் பாகங்கள் குறைவு, பூட்டு உறுதி. அதனால் தூரத்துக் குறிக்கு உலகம் முழுவதும் வேட்டைக்காரர்கள் இதை விரும்பினார்கள். ஜெர்மனியின் மவுசர் 1898இல் கொண்டுவந்த அமைப்புதான் இன்றைய வேட்டை ரைபிள்கள் பலவற்றுக்கும் மூதாதை.

தூரத்தைப் பார்த்துத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தவருக்கு நல்ல உதாரணம் ஜிம் கார்பெட். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக அவருக்கு .275 ரிக்பி ரைபிள் பரிசாகக் கிடைத்தது. எடை குறைந்த, மவுசர் அமைப்புள்ள போல்ட் ஆக்ஷன். நெருங்கி நிற்கும் ஆபத்துக்கு அவரிடம் .450/400 இரட்டைக் குழல் ரைபிள் தனியாக இருந்தது. வேலைக்கு ஏற்ற கருவி!

ஆனால் எல்லோரும் கார்பெட் இல்லை. பிரிட்டிஷ் இந்திய ராணுவம் பயன்படுத்தியது .303 லீ என்ஃபீல்டு. அந்தத் தோட்டா பொதுமக்கள் கையில் இருந்தால் நாளைக்கு அது கலகக்காரர்களிடம் போகும் என்று அரசாங்கம் பயந்தது. ராணுவ அளவுத் தோட்டாக்கள் தனியாருக்குத் தடை செய்யப்பட்டன. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அதே லீ என்ஃபீல்டு போன்ற உடல், ஆனால் ஆஸ்திரியாவில் பிறந்த வேறு தோட்டா. அப்படி இந்தியச் சந்தைக்கு வந்ததுதான் .315. சந்தையின் தேவையைவிடச் சட்டத்தின் ஓட்டையில் பிறந்த சரக்கு என்று சொல்லலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகும் கதை மாறவில்லை. .303 இன்றும் தடை செய்யப்பட்ட அளவுதான். 1980களின் மத்தியில் துப்பாக்கி இறக்குமதியும் நின்றது. மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையின் .315தான் சாதாரண லைசென்ஸ்தாரருக்குக் கைக்கெட்டிய போல்ட் ஆக்ஷனாக நின்றது. அதன் குண்டு கனமானது, வேகம் குறைந்தது. 200 மீட்டர் தாண்டினால் நன்றாகவே கீழே இறங்கிவிடும். நீண்ட தூரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தோட்டாக்கள் உலகில் எத்தனையோ உண்டு. ஆனால் கடையில் ஒரே சரக்கு இருக்கும்போது தேர்வு எங்கே?

விவசாயியின் பங்கு

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆவது பிரிவைப் படித்தால் இன்னொரு விஷயம் தெரியும். பயிரைக் காக்க என்று அது குறிப்பிடுவது ரைபிளை அல்ல. குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை! பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே படைகள் கைவிட்ட தொழில்நுட்பம் அது. ஐம்பது அறுபது மீட்டர் தாண்டினால் குறி நிச்சயமில்லை.

இதில் அநியாயம் மட்டும்தான் இருக்கிறதா? இல்லை, ஒரு நியாயமும் இருக்கிறது. திருச்சுழிப் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சமதளம். தூரத்தில் நிற்கும் பன்றி தெரியும்தான். ஆனால் குறி தவறிய ரைபிள் குண்டு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் போகும். தடுக்க மலை கிடையாது. மேடு என்று இருப்பது கண்மாய்க் கரைதான், அதிலும் ஆள் நடமாட்டம் உண்டு. நீண்ட தூரம் பார்க்க வசதியான நிலம், நீண்ட தூரம் சுடுவதற்கு ஆபத்தான நிலம்! பரண் மேல் ஏறி, கிட்டத்தில் வரவிட்டு, கீழ்நோக்கிச் சுட்டால் மட்டுமே குண்டு மண்ணில் புதையும். எந்த அளவுத் தோட்டா என்பதைவிட, குண்டு எங்கே போய் நிற்கும் என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991 திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை முடித்துவைத்தன. புல்வாய் மான்கள் மிச்சமிருப்பதற்கு அந்தச் சட்டம் முக்கியக் காரணம். 2025 ஜனவரியில் தமிழக அரசு பன்றிகளுக்குத் தனியாக ஒரு வழி அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி சுட முடியாது, தகவல் சொல்லலாம்.

அந்தத் தகவலுக்கு வேகமாகப் பதில் வந்தால் இந்த ஏற்பாடு சரிதான். வராவிட்டால் என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். கள்ளத்தனமாக மின்வேலி போடுவார்கள், பழத்துக்குள் அவுட்டுக்காய் வைப்பார்கள். அதில் பன்றி மட்டுமா சாகிறது? ஆடு, மாடு, சில சமயம் இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும்தான்.

1801இல் ஆயுதத்தை வாங்கிக்கொண்ட அரசு, காவலுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டது. துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பது பெரிய விஷயமில்லை. பன்றி இறங்கும் ராத்திரியில் அந்தக் கை வந்து சேர்கிறதா என்பதுதான் விஷயம்.