அந்த "ம்ம்ம்..." சத்தத்துக்கும் ஒரு வரலாறு உண்டு



அம்ப்ளிஃபயரைப் போட்டதும், பயானோ பாட்டோ தொடங்கு முன்பே ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் வருகிறதல்லவா? "கரண்ட் சத்தம்" என்போம். பெயர் சரிதான். ஆனால் இது வீட்டு ஸ்பீக்கரை விட வயதில் மூத்த சத்தம்.

ஆரம்பகாலத் தொலைபேசிக்கு ஒரு கம்பிதான். மின்னோட்டம் திரும்பி வரும் பாதை பூமி. பிறகு நகரங்களுக்கு மின்விளக்கும் ட்ராம் வண்டியும் வந்தன. அவற்றின் மின்னோட்டமும் அதே பூமிக்குள் இறங்க, பேசுபவரின் குரலோடு உறுமலும் சேர்ந்து கேட்டது. இதற்கு மருந்து முன்பே இருந்தது. 1881இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். வெளியிலிருந்து வரும் குழப்பம் இரண்டு கம்பியிலும் சமமாக ஏறும். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டும் கேட்கும் கருவிக்கு அது தெரியவே தெரியாது. எளிமையான யோசனை, இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

1920களில் வீட்டு வானொலிகள் பற்றரியில் ஓடின. வால்வைச் சூடாக்க ஒரு பற்றரி, உயர் அழுத்தத்துக்கு இன்னொன்று. பற்றரி தருவது நேரோட்டம், ஆகவே உறுமல் இல்லை. ஆனால் சார்ஜ் பண்ணுவதும் மாற்றுவதும் பெரும் செலவு. கொழும்பில் வானொலி ஒலிபரப்பு ஆரம்பமான அதே 1925இல்தான் கனடாவின் எட்வர்ட் ரொஜர்ஸ் என்ற 25 வயது இளைஞர், சுவர் மின்சாரத்தில் நேரடியாக ஓடும் வானொலியை டொரொன்டோ கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். பற்றரியின் தொல்லை ஒழிந்தது, உறுமல் வீட்டுக்குள் குடிவந்தது.

தரம் 10, 11 பிள்ளைகள் படிப்பதுதான் காரணம். நமது மின்சாரம் ஆடலோட்டம், மீடிறன் 50 ஹேட்ஸ். அதை முழு அலையாகச் சீராக்கினால் செக்கனுக்கு 100 மேடு பள்ளங்கள் வரும். பள்ளங்களை நிரப்புவது கொள்ளளவியின் வேலை. அது வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்து போனால் பள்ளம் வெளியே தெரியும், 100 ஹேட்ஸில் உறுமும். பழைய செட்கள் வயதாக ஆக அதிகமாக உறுமுவது இதனால்தான். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேட்ஸ் என்பதால் அங்குள்ள உறுமல் கொஞ்சம் உயர்ந்த சுருதி.

அக்காலப் பொறியியலாளர்கள் செய்த ஒரு தந்திரம் நமக்கு மிகவும் பிடித்தது. அன்றைய ஸ்பீக்கர்கள் பலவற்றில் நிலையான காந்தம் இல்லை, மின்காந்தச் சுருள்தான். அந்தச் சுருளில் ஓடும் மின்னோட்டமே உறுமலைக் கொடுத்தது. அதற்கு அருகில் ஒரு சின்னச் சுருளை எதிர்த்திசையில் இணைத்தார்கள். உறுமலுக்கு எதிராக அதே உறுமல், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்!

"ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சல் வேறு சாதி. 1928இல் பெல் ஆய்வுகூடத்தின் ஜோன்சனும் நைகுவிஸ்டும் அதை விளக்கினார்கள். எந்தத் தடையிலும் வெப்பத்தால் இலத்திரன்கள் அலைந்துகொண்டே இருக்கும், அதுவே இரைச்சல். முற்றாக நிறுத்த வழியில்லை, குறைக்கத்தான் முடியும். கெசட் நாடாவின் இரைச்சலுக்குக் காரணம் நாடாவின் காந்தத் துணிக்கைகள். அதைக் குறைத்தவர் ரே டொல்பி. இந்தியாவில் யுனெஸ்கோ ஆலோசகராக இருந்துவிட்டு 1965இல் லண்டனில் நிறுவனம் தொடங்கியவர். நமது பழைய கெசட் செட்டில் இருந்த "டொல்பி" பட்டன் அவர் பெயர்தான். டொல்பி இல்லாமல் பதிந்த பயான் கெசட்டுக்கும் அதை அழுத்திவிட்டு "குரல் அடைக்கிறது" என்று செட்டைத் திட்டியவர்கள் ஊரில் எத்தனை பேர்!

இனி முக்கியமான விஷயம். டிவியையும் அம்ப்ளிஃபயரையும் வெவ்வேறு பிளக்கில் குத்தி, ஒரு ஓடியோ வயரால் இணைக்கும்போது ஏர்த் கம்பி வழியாக ஒரு வளையம் உருவாகிறது. அதில் 50 ஹேட்ஸ் ஏறும். "ஏர்த்தைக் கழற்றிவிடு, சத்தம் நின்றுவிடும்" என்று சிலர் சொல்லிக் கொடுக்கிறார்கள். உண்மையில் நிற்கும். அதுதான் ஆபத்து. உள்ளே நிலைமாற்றியின் காவலி கெட்டால் அம்ப்ளிஃபயரின் இரும்பு உடல் முழுக்க 230 வோல்ட். ஏர்த் இருந்தால் அந்த நொடியே ட்ரிப் சுவிட்ச் விழும். இல்லாவிட்டால் யாராவது தொடும்வரை அது விழாது. முதலில் தொடுவது பெரும்பாலும் பிள்ளைகள்.

இரண்டு கருவிகளையும் ஒரே மல்டி பிளக்கில் குத்திப் பாருங்கள். வொலியூமை முழுதாகக் குறைத்தும் உறுமல் மாறாவிட்டால் கொள்ளளவியைச் சந்தேகியுங்கள். வொலியூமோடு ஏறி இறங்கினால் வயர்ப் பக்கம்தான் கோளாறு. லெப்டொப் சார்ஜரைக் கழற்றியதும் நின்றால் வளையம் அங்கேதான். அப்போது ஓடியோ வயரின் நடுவே ஒரு சிறிய பிரிப்பு நிலைமாற்றி போட்டால் போதும். ஏர்த்தில் கை வைக்கத் தேவையில்லை.

நமது பள்ளிவாசல் மைக்கின் நீண்ட வயர் ஏன் உறுமுவதில்லை என்று கேட்பவர்கள் அதன் மூன்று முள் முனையைப் பாருங்கள். இரண்டு முள் குரலுக்கு, ஒன்று கவசத்துக்கு. உள்ளே குரலுக்கான இரண்டு கம்பிகளும் முறுக்கியே இருக்கும், 1881இல் பெல் முறுக்கியது போல.