மழை வந்தாலே டிவியில் ‘நோ சிக்னல்’ ஏன்? மொட்டை மாடிக்கு ஓடும் முன் இதைப் படிங்க!

புயல் எங்கே கரையைக் கடக்கிறது என்று பார்க்க டிவி முன்னாடி உட்கார்ந்தால், சரியாக அந்த நேரத்தில்தான் படம் கட்டம் கட்டமாக உடையும். அடுத்த நொடி திரையில் ‘நோ சிக்னல்’. உடனே வீட்டில் யாராவது ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு டிஷ்ஷைத் திருப்ப மொட்டை மாடிக்குக் கிளம்பிவிடுவார். அது தேவையே இல்லாத வேலை. ஆபத்தும்கூட!

சிக்னல் எங்கே தொலைகிறது?

டிடிஎச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அவ்வளவு தூரத்தைத் தாண்டி வரும் சிக்னல் தடுமாறுவது, தரைக்கு மேலே உள்ள கடைசி சில கிலோமீட்டரில்தான். மழைத்துளிகள் இருப்பது அங்கேதான்.

டிடிஎச்சுக்குப் பயன்படுவது ‘கேயு பேண்ட்’ எனப்படும் அலைவரிசை. சுமார் 11 முதல் 12 ஜிகாஹெர்ட்ஸ். இந்த அலையின் நீளம் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. மட்டுமே. சில மி.மீ. பருமனுள்ள மழைத்துளிகள், இவ்வளவு சின்ன அலையின் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். இன்னொரு பகுதியைச் சிதறடிக்கும். இதற்குப் பெயர் ‘ரெயின் ஃபேட்’. வெறும் மேகமூட்டமோ லேசான தூறலோ பெரிதாகப் பாதிக்காது. கொட்டித் தீர்க்கும் மழைதான் வில்லன்.

அந்தக் கால ஆன்டெனாவில் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியுமே?

அது அனலாக். சிக்னல் குறையக் குறைய படமும் மெல்ல மங்கும். டிஜிட்டலில் ஓரளவு பிழை வரை செட்-டாப் பாக்ஸே சரிசெய்துகொள்ளும். அந்த எல்லை தாண்டினால் மொத்தமாகக் கருப்பாகிவிடும்.

பக்கத்து வீட்டு கேபிளில் மட்டும் தெரிவது எப்படி?

கேபிள் நிறுவனங்கள் பெரும்பாலும் ‘சி பேண்ட்’ அலைவரிசையில், பெரிய டிஷ் வைத்து சேனல்களை வாங்குகின்றன. சுமார் 4 ஜிகாஹெர்ட்ஸ் கொண்ட இந்த அலை ஏழு செ.மீ.க்கும் மேல் நீளமானது. மழை இதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் காற்றில் ஒயர் அறுந்தால் கேபிளும் அவ்வளவுதான்!

இங்கே மழையே இல்லை, ஆனாலும் போகிறதே?

செயற்கைக்கோளுக்கு சிக்னலை அனுப்பும் நிலையம் இருக்கும் ஊரில் கனமழை பெய்தாலும் தடங்கல் வரலாம்.

பழுதா, மழையா? கண்டுபிடிப்பது எப்படி?

* மழை குறைந்ததும் சில நிமிடங்களில் தானாகப் படம் வந்தால் எந்தப் பழுதும் இல்லை. பாக்ஸை அணைத்து அணைத்துப் போடுவதால் பயன் இல்லை.
* சாரலுக்கே சிக்னல் போனால், டிஷ் லேசாக விலகியிருக்கலாம் அல்லது கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.
* மழை முழுசாக நின்றும் வரவில்லை என்றால் காற்று டிஷ்ஷை அசைத்திருக்கலாம். ஓரிரு டிகிரி திரும்பினாலே சிக்னல் போய்விடும். வானம் தெளிந்த பிறகு டெக்னீஷியனை அழையுங்கள்.

முன்கூட்டியே என்ன செய்யலாம்?

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், அக்டோபருக்குள் டிஷ் போல்ட்டுகளை இறுக்கிவிடுங்கள். டிஷ்ஷை மறைக்கும் கிளைகளை வெட்டுங்கள். கேபிள் இணைப்புகளில் தண்ணீர் புகாத டேப் சுற்றுங்கள். அடிக்கடி தொல்லை என்றால் பெரிய டிஷ் கைகொடுக்கும். 60 செ.மீ. டிஷ்ஷைவிட 90 செ.மீ. டிஷ்ஷின் பரப்பு இரண்டேகால் மடங்கு!

இதை மட்டும் செய்யாதீங்க

இடி, மின்னல் நேரத்தில் வழுக்கும் மாடியில் நின்று இரும்பு டிஷ்ஷைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. நீங்கள் எந்தப் பக்கம் திருப்பினாலும் மழை விடும்வரை சிக்னல் வராது. சரியாக இருந்த டிஷ்ஷும் கெட்டுப்போகும்.

புயல் நாளில் டிவியை மட்டும் நம்ப வேண்டாம். பேட்டரி ரேடியோவும் சார்ஜ் போட்ட போனும் கையில் இருக்கட்டும். அவசர உதவிக்கு மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.