நைட்ரைலுக்குப் பின் வரும் நஞ்சு: வெள்ளைப் பட்டாம்பூச்சிகளும் கடுகு வரிசைத் தாவரங்களும்

வெள்ளைப் பட்டாம்பூச்சிகளின் மூதாதைகள் அவரையினத்தை விட்டுக் கடுகு வரிசைத் தாவரங்களுக்கு மாறியதற்கு ஒரே புரதத்தைக் காரணமாகச் சொல்வது இத்துறையில் வழக்கமாகிவிட்டது. புழுவின் குடலிலுள்ள இப்புரதத்தின் முன்னிலையில் மைரோசினேஸ் நொதி இத்தாவரங்களின் தற்காப்புப் பொருளான குளுக்கோசினோலேட்டை உடைக்கும்போது, கொடிய ஐசோதயோசயனேட்டுக்குப் பதில் நைட்ரைல் உருவாகிறது. வெள்ளைப் பட்டாம்பூச்சி இனமான பியரிஸ் ராப்பேவில் 2004இல் நிறுவப்பட்ட இச்செயல், 2007இல் காலக்கணிப்போடு இணைக்கப்பட்டது. கடுகு வரிசை தோன்றி ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்குள் பூச்சிகள் அதில் குடியேறின; அவ்வாயிலைத் திறந்தது இப்புரதமே என்பது முடிவு. காலக்கணிப்பை ஏற்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை.

நைட்ரைல் உருவானதும் ஆபத்து தீர்ந்தது என்று அந்த வாசிப்பு கொள்கிறது. பென்சைல் குளுக்கோசினோலேட்டில் அது பொய்க்கிறது. அதிலிருந்து வரும் பினைல் அசிட்டோநைட்ரைல் புழுவின் உடலுக்குள் ஆக்சிஜனேற்றம் பெற்று மாண்டலோநைட்ரைலாகி, பென்சால்டிஹைடாகவும் ஹைட்ரஜன் சயனைடாகவும் பிரிகிறது. 2012இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பு உரிய கவனம் பெறவில்லை. சயனைடைக் கையாள இயலாத புழுவுக்கு இப்புரதம் ஒரு நஞ்சை வாங்கிக்கொண்டு மற்றொன்றைத் தந்திருக்கும், அவ்வளவே.

பியரிஸ் ராப்பே அச்சயனைடை பீட்டா-சயனோஅலனினாகவும் தயோசயனேட்டாகவும் மாற்றிவிடுகிறது. முதல் மாற்றத்தைச் செய்யும் நொதியின் மரபணு பாக்டீரியாவிலிருந்து கிடைமட்டமாக வந்தது என்று 2014இல் காட்டப்பட்டது. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி வரிசையில் அது பரவலாக இருப்பதால், வெள்ளைப் பட்டாம்பூச்சிகள் பிரிவதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். தீவனப்பயிரான குளோவர் போன்ற சில அவரையினங்கள் சயனைடு வெளியிடுபவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கடுகு வரிசைக்கு வந்தபோது பூச்சி வெறுங்கையோடு வரவில்லை. புதுப்புரதம் தேவையற்றது என்பதல்ல என் வாதம். பழைய நொதி முன்பே அமைந்திருந்ததால்தான் அது பயன்பட்டது என்பதே.

முட்டைக்கோசில் பென்சைல் வகை குறைவு, ஆகவே சயனைடும் பொருட்டல்ல என்பர். முட்டைக்கோசு மனிதன் வளர்த்த பயிர். முதல் குடியேற்றத்துக்கு அது சாட்சியாகாது. வரிசையின் தொன்மைக் கிளைகளான பப்பாளியிலும் முருங்கையிலும் பென்சைல் உள்ளிட்ட அரோமேட்டிக் வகைகளே முன்னிற்கின்றன. எந்தத் தாவரத்தில் பூச்சி முதலில் ஏறியது என்பதை மட்டும் இதைக்கொண்டு துணிந்து சொல்லலாகாது.

இவ்வாதத்தைச் சோதிக்கத் தமிழகத்திலேயே பொருத்தமான இணை உண்டு. கடுகு வரிசையைச் சேர்ந்த உகாய் மரத்தில் பென்சைல் குளுக்கோசினோலேட் மிகுதி; அதன் இலையில் கோலோட்டிஸ் அமாட்டாவின் புழு வளர்கிறது. அதே குடும்பத்தின் காடோப்சிலியா பொமோனா சரக்கொன்றையைத் தின்கிறது. கடுகு வரிசையை அது தொடுவதில்லை. இரண்டின் குடலிலும் சயனைடு மாற்றும் திறனை அருகருகே அளக்க வேண்டும். நைட்ரைல் தரும் புரதத்துக்கு வேலையே இல்லாத கொன்றைப் புழுவிலும் அத்திறன் வலுவாக இருந்தால், 2007இன் வாசிப்பைத் திருத்தியாக வேண்டும். உகாய்ப் புழுவில் மட்டும் இருந்தால், இங்கு நான் முன்வைத்த கால வரிசை நிற்காது.