யானையைப் பார்க்காமல் யானையைச் செதுக்கலாமா? மரச்செதுக்கு அச்சு பற்றித் தெரிஞ்சுக்கோங்க

போடிமெட்டு வளைவுகளைத் தாண்டி மூணாறு பக்கம் போகும்போது யானையோ வரையாடோ கண்ணில் பட்டால், உடனே ஃபோனை எடுப்பீங்க. அதே விலங்கை மரத்தில் செதுக்கி அச்செடுக்க நினைச்சா, ஒரு ஃபோட்டோ மட்டும் போதாது. ஏன்?

மரச்செதுக்கு அச்சு என்றால் என்ன?

ரப்பர் ஸ்டாம்ப் மாதிரிதான். பலகையில் படம் வரைந்து, வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடங்களை உளியால் எடுத்துவிட வேண்டும். மேடாக நிற்கும் பகுதியில் மை உருட்டி, தாளை வைத்து, கரண்டியின் முதுகால் தேய்த்தால் படம் இறங்கும். இடமும் வலமும் மாறி விழும். வெட்டிய கோட்டுக்கு 'அண்டூ' கிடையாது. அதனால் எந்தக் கோடு வேணும், எது வேண்டாம் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பார்க்காமல் செய்தால்?

1515-ல் குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று கோவாவிலிருந்து லிஸ்பனுக்குப் போனது. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் அதை நேரில் பார்க்கவே இல்லை. வேறொருவரின் வர்ணனையையும் படத்தையும் வைத்து மரச்செதுக்கு அச்சு வெளியிட்டார். தோல் இரும்புக் கவசம் போல இருந்தது. முதுகின் முன்பகுதியில் இல்லாத குட்டிக் கொம்பு ஒன்றும் முளைத்தது. பிரதிகள் பரவின. சுமார் 200 ஆண்டுகள் ஐரோப்பாவுக்கு அதுவே காண்டாமிருகம்!

பார்த்துச் செய்தால்?

இங்கிலாந்தின் தாமஸ் பியூயிக் 1790-ல் விலங்குகள் பற்றிய நூலை வெளியிட்டார். அதில் அவர் பழகிய நாய், ஆடு, மாடுகளில் உயிர் தெரிகிறது. படம் பார்த்து வரைந்த வெளிநாட்டு விலங்குகளில் அது குறைவு.

நமக்கு இது ஏன் முக்கியம்?

போடிமெட்டுக்குப் பக்கத்துச் சின்னக்கானலில்தான் 2023 ஏப்ரலில் அரிக்கொம்பன் பிடிபட்டது. ஜூனில் தேனி மாவட்டத்தில் மறுபடி பிடித்து, களக்காடு முண்டந்துறையில் விட்டார்கள். அந்த யானையை பிரேக்கிங் நியூஸில் மட்டும் பார்த்தவர் செதுக்கினால் தந்தமும் கோபமும்தான் வரும். இரண்டு மேடாக எழும் நெற்றி, சின்னக் காது, தும்பிக்கை நுனியில் ஒரே 'விரல்' என ஆசிய யானையின் அடையாளங்கள் விட்டுப்போகும். ட்யூரரின் கொம்பு மாதிரி, தப்பான பயமும் பிரதி பிரதியாகப் பரவும்.

எங்கே தொடங்கலாம்?

காட்டுச் சாலையில் வண்டியை விட்டு இறங்காதீங்க. இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலையில் வரையாடுகளை நிதானமாகப் பார்க்கலாம். குட்டி போடும் பருவத்தில் மூடிவிடுவார்கள். ஸ்கெட்ச் நோட்டு கொண்டு போங்க. செதுக்கிப் பழக லினோலியம் ஷீட் போதும். முறையாகக் கற்க, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் அச்சுக்கலைப் பிரிவு இருக்கிறது.